ஊட்டிக் குளிரில் சைலேஜ் போடுவது எப்படி

மலையில் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டு முழுக்க ஒரே தீவனக் கணக்கு ஒத்துவராது. ஜூன் முதல் நவம்பர் வரை கிக்யூ புல் அறுக்க அறுக்கத் தழைக்கும். அக்டோபரில் நீர்ப்பனி தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்ததும் அதே புல் மேலெல்லாம் பழுப்பாகக் கருகிவிடும். பிறகு மார்ச் வரை வறட்சி. அந்த மாதங்களில் நீலகிரிக்கு மேட்டுப்பாளையம் வழியாகவும், கொடைக்கானல் பக்கத்துக்கு வத்தலக்குண்டு வழியாகவும் லாரியில் ஏறிவரும் வைக்கோல்தான் கதி. வைக்கோல் விலையோடு மலையேற்ற வாடகையும் சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் மிஞ்சும் புல்லைக் காயவைத்துச் சேமிக்கலாம் என்றால், வெயில் என்பதே இரண்டு மேகங்களுக்கு நடுவே எட்டிப்பார்க்கும் ஊர் இது. பச்சையாகவே காத்துவைக்க ஒரு வழி வேண்டும். அதுதான் சைலேஜ். ஊறுகாய்ப்புல், பதனத் தீவனம் என்றும் சொல்கிறார்கள். தீவனக் கடையிலும் கால்நடை மருந்தகத்திலும் சைலேஜ் என்றால்தான் சட்டென்று புரியும்.

பெயரில் ஊறுகாய் இருப்பதால் உப்புதான் புல்லைக் காக்கிறது என்று சிலர் கைநிறைய உப்பை அள்ளிப் போடுகிறார்கள். காப்பது உப்பு அல்ல, அமிலம். நறுக்கிய புல்லைக் காற்றுப் புகாமல் அமுக்கி மூடினால், உள்ளே மிச்சமிருக்கும் காற்றைப் புல்லின் செல்களே சில மணி நேரத்தில் சுவாசித்துத் தீர்த்துவிடும். அதன் பிறகு, புல்லின் மேல் இயற்கையாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புல்லில் உள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும். அமிலம் ஏற ஏற பி.எச். அளவு 6லிருந்து 4 பக்கம் இறங்கும். அந்த நிலையில் அழுகச் செய்யும் கிருமிகள் எதுவும் வேலை செய்யாது. காற்று புகாதவரை அந்தத் தீவனம் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆகக் காற்று வெளியே போக வேண்டும், சர்க்கரை போதுமான அளவு இருக்க வேண்டும், ஈரம் மிதமாக இருக்க வேண்டும். வைக்கோலில் யூரியா கரைசல் தெளித்து மூடிவைப்பது இதில் சேராது. அங்கே வேலை செய்வது அம்மோனியா, பி.எச். ஏறும், இறங்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதால் பலர் பச்சைப்புல்லிலும் யூரியாவைத் தூவிக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சமவெளிக்காக எழுதப்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் மக்காச்சோளத்தை மனதில் வைத்து எழுதியவை. பால் முற்றும் பருவத்தில் வெட்டு, குழியில் போட்டு மிதி, 21 நாளில் திற என்று போகும். ஆப்பிரிக்க நெட்டை மக்காச்சோளத்துக்கு அது சரியாக வரும். அதில் உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சும் பொருள், 30 முதல் 35% இருக்கும், சர்க்கரையும் தாராளம், வெளியே 30 டிகிரி வெப்பம். நம் கையில் இருப்பதோ மழையில் நனைந்த கிக்யூ. அதில் உலர்பொருள் 15 முதல் 18%தான், மீதி எல்லாம் தண்ணீர். சர்க்கரையும் குறைவு. வெளியே 12, 14 டிகிரி. சமவெளி முறையை அப்படியே மலையில் செய்தால் டிரம்மைத் திறக்கும்போது சாணி நாற்றம்தான் வரும். செய்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முறைதான் மாற வேண்டும்.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கலும் அல்ல. ஃபின்லாந்தின் வேதியியலாளர் ஆர்த்தூரி விர்த்தானென் குளிரிலும் ஈரத்திலும் வளரும் புல்லைக் குளிர்கால மாடுகளுக்குக் காப்பது எப்படி என்பதற்கே பல ஆண்டுகள் உழைத்தார். புல்லில் நேரடியாக அமிலம் சேர்த்து பி.எச். அளவை உடனே 4க்குக் கீழே இறக்கிவிடுவது அவர் கண்ட வழி. 1945ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது, தீவனம் காக்கும் அந்த முறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். அமிலத்தை வீட்டில் கையாளும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கையும் கண்ணும் வெந்துபோகும். ஈரத்தைக் குறைத்து, சர்க்கரையைக் கூட்டினாலே அந்த வேலையை பாக்டீரியா செய்துவிடும்.

ஈரம்தான் முதல் எதிரி

ஏன் ஈரத்தை இவ்வளவு பேச வேண்டும்? சைலேஜைக் கெடுக்கும் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா ஈரத்தில் கொழிக்கும். உலர்பொருள் 20% மட்டும் இருக்கும் புல்லில் அதை அடக்க பி.எச். 4.2க்கு இறங்கியாக வேண்டும். 30% இருந்தால் 4.4, 4.5 வந்தாலே அது அடங்கிவிடும். நனைந்த புல்லில் அதிக அமிலம் தேவை, ஆனால் அதை உண்டாக்கச் சர்க்கரை குறைவு. இரண்டு பக்கமும் இடிபடும் நிலை இது. 28 முதல் 30% உலர்பொருளுக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கொண்டுவர முதல் வழி, வாட்டுவது. தேயிலை ஃபாக்டரியில் கொழுந்தை மெல்லிசாகப் பரப்பி, காற்றோட்டத்தில் துவளவிடுவது போலத்தான் இதுவும். காலைப் பனி உலர்ந்ததும், பத்து மணி வாக்கில் அறுத்து, அரை அடிக்கு மேல் உயரம் வராமல் பரப்பி, நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். மலையில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். மூன்று, நான்கு மணிக்குள் அள்ளிக் கூரைக்குள் கொண்டுவந்து மறுபடியும் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் இரவோடு இரவாகச் சூடேறி, நமக்குத் தேவையான சர்க்கரையைப் புல்லே எரித்துவிடும். பூச்சாகுபடி முடிந்து காலியாகக் கிடக்கும் பாலிஹவுஸ் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. பக்கத் திரைகளைச் சுருட்டிவிட்டுத் தரையில் தார்ப்பாய் விரித்துப் பரப்பினால், தூறல் நாளிலும் வாடும்.

எவ்வளவு வாடியது என்பதைக் கண்ணால் மதிப்பிட வேண்டியதில்லை. அறுத்த உடனே 10 கிலோ புல்லை எடைபோட்டு ஒரு வலைப்பையில் தளர்வாகப் போட்டு, பரப்பிய புல்லோடு வைத்துவிடுங்கள். 18% உலர்பொருள் உள்ள புல் 28%க்கு வர, 10 கிலோ சுமார் 6.4 கிலோவாகக் குறைய வேண்டும். தளதளவென்ற இளம்புல் என்றால் 6 கிலோவுக்குக் கீழே போக வேண்டியிருக்கும். பை அந்த எடையைத் தொட்டதும் நறுக்க ஆரம்பிக்கலாம்.

தராசு இல்லாதவர்களுக்குக் கைப்பிடிச் சோதனை போதும். நறுக்கிய புல்லில் ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் சாறு சொட்டினால் ஈரம் 75%க்கு மேல், இன்னும் வாட்ட வேண்டும். சாறு வராமல் உள்ளங்கை மட்டும் நனைந்து, கையை விரித்த பிறகும் உருண்டை அப்படியே நின்றால் 70, 75%. அதுவும் கொஞ்சம் கூடுதல்தான். கை லேசாக ஈரம் காட்டி, உருண்டை மெதுவாக விரிந்து உதிர்ந்தால் 60 முதல் 70%, அதுதான் வேண்டியது. கையை விரித்ததுமே சிதறினால் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட புல்லை எவ்வளவு மிதித்தாலும் காற்று வெளியேறாது, பூஞ்சணம் பிடிக்கும்.

மழை விடாத வாரங்களில் வாட்டுவது நடக்காது. அப்போது இரண்டாவது வழி, காய்ந்த பொருளைக் கலப்பது. 18% உலர்பொருள் உள்ள 100 கிலோ கிக்யூவுடன், குட்டையாக நறுக்கிய வைக்கோல் 16 கிலோ கலந்தால் 28% வந்துவிடும். கோதுமைத் தவிடு 15 கிலோ கலந்தால் 27%. வைக்கோல் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் சத்து குறையும். தவிடு சத்தைக் கூட்டும், செலவும் கூடும். பாதி வைக்கோல், பாதி தவிடு என்று கலப்பது என் கணக்கில் நல்ல நடுவழி. மக்காச்சோள மாவும் ஈரத்தை இழுக்கும். ஆனால் மாவு போட்டாயிற்றே, வெல்லம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். மாவில் இருப்பது ஸ்டார்ச். லாக்டிக் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அதை நேரடியாகச் சர்க்கரையாகப் பயன்படுத்த முடியாது.

சர்க்கரை

கிக்யூ, கம்பு நேப்பியர், குவாத்தமாலா புல் மூன்றுக்கும் வெளியிலிருந்து சர்க்கரை தந்தே ஆக வேண்டும். 100 கிலோ வாடிய புல்லுக்கு 3 கிலோ சர்க்கரை ஆலைப் பாகு, அதாவது மொலாசஸ். அது கிடைக்காத இடத்தில் 2 கிலோ மட்டரக வெல்லம் அல்லது நாட்டுச்சர்க்கரை. பாகில் சர்க்கரை ஏறக்குறைய பாதிதான், வெல்லத்தில் அதைவிடக் கூடுதல். அதனால்தான் அளவு குறைகிறது. கரைக்க வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள், குளிரில் பாகு கெட்டியாக நிற்கும். ஆனால் பாகின் எடைக்குச் சமமான வெந்நீர் போதும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் இவ்வளவு நேரம் வாட்டியது வீண். பூவாளியில் ஊற்றி ஒவ்வொரு அடுக்குக்கும் தெளியுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே மட்டும் ஈஸ்ட் பெருகிச் சாராய வாடை வரும்.

ஓட்ஸ் போடுபவர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு. கேரட், உருளை எடுத்த நிலத்தில் ஓட்ஸ் நன்றாக வரும், சர்க்கரையும் அதில் உண்டு. மணியை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகப் பால் வந்து, லேசாக மாவுப்பதம் தெரியும்போது அறுத்தால், அரைநாள் வாட்டலோடு வெல்லமே இல்லாமல் நல்ல சைலேஜ் கிடைக்கும். தண்டு குழலாக இருப்பதால் உள்ளே காற்று நிற்கும், ஆகவே 1 முதல் 2 சென்டிமீட்டருக்குள் நறுக்க வேண்டும். மலையில் சைலேஜுக்கென்றே ஒரு பயிர் போடுவதானால் என் முதல் தேர்வு ஓட்ஸ்தான். கூடலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற தாழ்ந்த, வெதுவெதுப்பான பகுதிகளில் மக்காச்சோளமும் கம்பு நேப்பியரும் போடலாம். மக்காச்சோளக் கதிரை உடைத்து மணியைப் பார்த்தால் மேலிருந்து கீழாக இறங்கும் ஒரு கோடு தெரியும், மேலே கெட்டி, கீழே பால். கோடு மணியின் பாதியைத் தாண்டியதும் வெட்டலாம். மக்காச்சோளத்துக்கு வாட்டலும் வேண்டாம், வெல்லமும் வேண்டாம்.

தயிர், மோர் தெளிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டிய பாக்டீரியா புல்லிலேயே இருக்கிறது, மோரால் கூடுவது பெரும்பாலும் தண்ணீர்தான். பாக்கெட்டில் விற்கும் சைலேஜ் கல்ச்சர், அதாவது வளர்த்தெடுத்த லாக்டிக் பாக்டீரியா, வேறு. குளிரில் தொடக்கத்தை விரைவுபடுத்த அது உதவும். பாக்கெட்டில் உள்ள அளவுப்படி, குளோரின் கலக்காத தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். உப்பு 100 கிலோவுக்கு அரை கிலோ போதும், அது மாட்டின் ருசிக்காக. ஈரப்புல்லுக்கு யூரியா வேண்டவே வேண்டாம்.

டிரம்மில் அடைப்பது

ஒன்று, இரண்டு கறவை வைத்திருப்பவர்களுக்கு 200 லிட்டர் நீல டிரம்தான் தோது. குழி, மூட்டை எல்லாம் அதற்கு அடுத்ததுதான். வாயகன்ற, வளைய கிளாம்ப்போடு மூடி வரும் டிரம்மாகப் பாருங்கள். முன்பு அதில் என்ன இருந்தது என்று விற்பவரிடம் கேட்டு, பழக்கூழோ சமையல் எண்ணெயோ இருந்ததை மட்டும் வாங்குங்கள். பூச்சிமருந்தும் ரசாயனமும் இருந்த டிரம் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம்.

அறுக்கும்போதே தரையிலிருந்து 7 முதல் 10 சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். கெடுக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருப்பது மண்ணில். காட்டுப்பன்றி கிண்டிப்போட்ட இடத்தில் புல்லோடு மண்கட்டியும் அரிவாளில் வரும், அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுவதே நல்லது. சாணக்கரைசல் பாய்ச்சிய நிலமானால் குறைந்தது ஆறு வாரம் கழித்து அறுங்கள். சாஃப் கட்டரின் கத்தி தீட்டியிருக்க வேண்டும். மழுங்கிய கத்தி புல்லை நறுக்காமல் நைத்துவிடும், நீளமான துண்டுகள் சுருண்டு காற்றை அடைத்துக்கொள்ளும். புல்லுக்கு 2 சென்டிமீட்டர் நீளம் சரி.

டிரம்மின் அடியில் நான்கு விரற்கடை வைக்கோல் போட்டு, மேலே அரை அடி அடுக்காகப் புல், பாகுத் தெளிப்பு, பிறகு மிதி. கழுவிய கம்பூட் போட்டு ஒருவர் டிரம்முக்குள் இறங்கி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து நடுவாக மிதிக்க வேண்டும். எல்லோரும் நடுவிலேயே மிதிப்பார்கள். காற்று நிற்பது ஓரத்தில்தான், பின்னால் பூஞ்சணம் முதலில் வருவதும் அங்கேதான். கால் ஊன்றினால் புல் அமுங்காமல் தரைபோல் நின்றால்தான் அடுத்த அடுக்கு. ஒழுங்காக மிதித்த 200 லிட்டர் டிரம்மில் 100 முதல் 120 கிலோ பிடிக்கும். 90 கிலோவில் நிறைந்துவிட்டால் மிதி போதவில்லை என்று அர்த்தம். பாதியை வெளியே எடுத்து மறுபடி மிதிப்பது அன்றைக்குச் சிரமம்தான், ஆனால் 90 கிலோ தீவனம் கெடுவதைவிட மேல்.

ஆரம்பித்த டிரம்மை அன்றைக்கே மூடிவிடுங்கள். பாதி நிரப்பி நாளைக்கு மீதி என்று வைக்கக்கூடாது. விளிம்புக்கு மேலே கொஞ்சம் குவித்து, அதன் மேல் கனமான பாலிதீன் தாளை ஓரம் செருகி மூடி, மூடியை அழுத்திக் கிளாம்ப் போடுங்கள். முதல் சில நாட்கள் உள்ளே வாயு பெருகும், மூடி உப்பும். சின்னத் திருகுமூடி உள்ள டிரம்மானால் ஐந்து நாட்களுக்குத் தினம் ஒருமுறை அதைத் தளர்த்தி வாயு போனதும் உடனே இறுக்குங்கள். அதற்குமேல் திறந்து பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

எத்தனை நாள்

21 நாள் கணக்கு வெப்பமான ஊருக்கு. ஊட்டி, கோத்தகிரி, மன்னவனூர், பூம்பாறை குளிரில் அதே வேலை மெதுவாகத்தான் நடக்கும். லாக்டிக் பாக்டீரியாவுக்குப் பிடித்த வெப்பம் 25 டிகிரிக்கு மேல். 15க்குக் கீழே அது ஊர்ந்துதான் நகரும். குறைந்தது 45 நாள், டிசம்பரில் போட்டதானால் 60 நாள் விடுங்கள். டிரம்மை வெட்டவெளியில் வைக்காமல் மாட்டுக்கொட்டகைக்குள், பலகை மேல், சுவரோரமாக வரிசையாக நெருக்கிவைத்துச் சாக்குப்பையால் போர்த்துங்கள். மாடுகளின் உடல் சூடே கொட்டகையை நாலைந்து டிகிரி தூக்கி வைத்திருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் மழை விட்ட இடைவெளிகளில் போட்டுவிட்டால் உறைபனிக்கு முன்பே தயார். கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வடகிழக்குப் பருவமழை கனமாக வரும் என்பதால், அந்தப் பக்கத்தார் அக்டோபருக்கு முன்பே முடிப்பது நல்லது.

இரண்டு கறவைக்கு, ஒன்றுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ வீதம், 90 நாளுக்கு 2,700 கிலோ. சேதாரமும் சேர்த்து 3 டன் அடைக்க வேண்டும். அதற்கு அறுக்க வேண்டிய பச்சை கிக்யூ சுமார் 5 டன், டிரம் 27. இது பெரிய வேலை. முதல் ஆண்டிலேயே முழுக்கக் குதிக்காமல், பாதித் தேவைக்குப் போட்டு மீதிக்கு வைக்கோலை வைத்துக்கொள்வதே சரி. 15 கிலோ சைலேஜில் உலர்பொருள் 4 கிலோ சொச்சம்தான், ஒரு கறவை மாட்டுக்கு 10 கிலோவுக்கு மேல் வேண்டும். எப்படியானாலும் அடர்தீவனமும் வைக்கோலும் கூடவே தேவைப்படும்.

திறந்ததும் என்ன பார்ப்பது

மூடியை எடுத்ததும் முதலில் மூக்குதான் சொல்லும். நல்ல சைலேஜ் புளிப்பும் லேசான பழவாசனையுமாக இருக்கும். நிறம் மஞ்சள் கலந்த பச்சை. கையில் எடுத்தால் இலை நரம்பு தெரியும், பிசுபிசுப்பு இருக்காது, உதறினால் உதிரும், கை கழுவினால் வாசனை போய்விடும். மேலே இரண்டு மூன்று விரற்கடைக்கு வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் அதோடு இன்னும் ஒரு சாண் சேர்த்து எடுத்து எருக்குழியில் போடுங்கள். பி.எச். தாள் கிடைத்தால் ஒரு பிடி சைலேஜில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிப் பிழிந்து அந்தச் சாற்றில் தொட்டுப் பாருங்கள். மக்காச்சோளத்துக்கு 3.8 முதல் 4.2, புல்லுக்கு 4.2 முதல் 4.7 என்றால் சரி.

கெட்டுப்போன நெய்போலக் குமட்டும் நாற்றம், ஆலிவ் பச்சை நிறம், வழவழப்பு: இது கிளாஸ்டிரிடியம் செய்த பியூட்டிரிக் அமிலம். ஈரம் அதிகம், அல்லது மண், அல்லது சர்க்கரை குறைவு. கையில் தொட்டால் சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது. கறவைக்கும் சினைமாட்டுக்கும் கொடுக்கவே கூடாது. மூக்கில் ஏறும் அம்மோனியா நெடியும் இதே குடும்பம்தான், புல்லின் புரதம் உடைந்துவிட்டது. காடி நெடி தூக்கலாக இருந்தால் அசிட்டிக் அமிலம் கூடிவிட்டது. தொடக்கம் மெதுவாக நடந்ததன் அடையாளம் அது. குளிரில் இது அடிக்கடி வரும், மற்ற தீவனத்தோடு கலந்து கொடுத்துவிடலாம். கரும்பழுப்பாகி, புகையிலையும் கருகிய வெல்லமும் கலந்த மணம் வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். மாடு ஆசையாகத் தின்னும். ஆனால் மிதி போதாமல் காற்று நின்று உள்ளே சூடேறியதால் புரதம் சர்க்கரையோடு இறுகிவிட்டது, உடம்பில் ஒட்டாது. நீலம், கறுப்பு, சிவப்புப் பூஞ்சணம் எங்கே கண்டாலும் அந்தப் பகுதி எருக்குழிக்குத்தான்.

ஆடு வைத்திருப்பவர்கள் ஒரு படி கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மண் கலந்து, பி.எச். 5க்கு மேல் நின்றுவிட்ட சைலேஜில் லிஸ்டீரியா என்ற கிருமி பெருகும். குளிரிலும் வளரும் கிருமி அது. செம்மறிகளுக்கு மூளையைத் தாக்கும். ஒரு பக்கமாகத் தலை சாய்ந்து, வட்டமிட்டுச் சுற்றி, ஒரு பக்கக் காதும் உதடும் தொங்கிவிடும். கண்டதும் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். சந்தேகமான சைலேஜை மாட்டுக்குக்கூட யோசிக்கலாம், செம்மறிக்கு யோசிக்கவே கூடாது.

கேரட், கோஸ், களை

கேரட் கழுவுமிடங்களில் கழித்துப் போடும் உடைந்த கேரட் மலையில் தாராளமாகக் கிடைக்கும். அதில் உலர்பொருள் 12% அளவுதான், ஆனால் சர்க்கரை ஏராளம். 100 கிலோ கேரட்டைச் சீவி அல்லது பொடியாக நறுக்கி, 26 கிலோ நறுக்கிய வைக்கோலோடு அடுக்கினால் வெல்லமே வேண்டாம். முழுசாகப் போட்டால் இடைவெளியில் காற்று நிற்கும், மாட்டின் தொண்டையிலும் அடைக்கும். கேரட் தழையில் மண் அதிகம், உதறிக் கழுவி வாட்டினால் மட்டும் சேருங்கள். முட்டைக்கோஸ் இலையில் தண்ணீர் 90%க்கு மேல். 100 கிலோவுக்கு 30 கிலோ வைக்கோல் கேட்கும். அதைப் பச்சையாகவே அளவோடு கொடுத்துவிடுவது மேல். எதுவானாலும் கடைசியாக மருந்தடித்த நாளைக் கேட்டு, அந்த மருந்துக்குச் சொல்லியுள்ள காத்திருப்பு நாள் கழிந்ததா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். பச்சைபிடித்த உருளையும் உருளைச் செடித் தழையும் சேர்க்காதீர்கள், நச்சு உண்டு.

மேய்ச்சல் மாடு பெரணியையும் உண்ணிச்செடியையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு மேயும். நறுக்கி அமுக்கிய டிரம்மிலிருந்து மாட்டால் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. மலைச்சரிவுகளில் வளரும் பெரணி, மாட்டின் சிறுநீரில் இரத்தம் போகும் நோயோடு தொடர்புடையது. நீலகிரி மாடுகளில் பழகிய நோய் அது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரைக்கும் போகும். உண்ணிச்செடி கல்லீரலைத் தாக்கும். அறுக்கும் கையே பொறுக்கிப் போட வேண்டும், சாஃப் கட்டருக்கு வந்த பிறகு முடியாது. உறைபனியில் கருகிய சோளத்தை உடனே பச்சையாகக் கொடுப்பதும் ஆபத்து, சயனைடு நச்சு ஏறியிருக்கும். அதிக உரம் போட்டு வளர்த்த ஓட்ஸில் சேரும் நைட்ரேட் சைலேஜில் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது.

குழி போடுபவர்களுக்கு

நாலைந்து மாட்டுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு டிரம் கட்டாது. 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழக் குழியில் சுமார் 3 டன் பிடிக்கும். மலையில் சமதரையில் குழி வெட்டினால் ஊற்றுத் தண்ணீர் புகுந்துவிடும். சரிவின் ஓரத்தில், மூன்று பக்கம் மேடும் ஒரு பக்கம் வாயுமாக வெட்டி, தரையை வாய்ப்பக்கம் சாய்வாக விட்டு, மேலே மழைநீர் திரும்பிப்போக ஒரு வரப்பு எடுங்கள். ஈரப்புல்லில் இருந்து வடியும் சாறு சாக்கடை நீரைவிட சுமார் 200 மடங்கு வீரியமாகத் தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சும். நம் மலையில் ஓடும் ஒவ்வொரு ஓடையும் கீழே யாருக்கோ குடிநீர். சாற்றை ஒரு சிறு குழியில் பிடித்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து புல்நிலத்தில் பாய்ச்சுங்கள். 28% வரை வாட்டியிருந்தால் சாறு பெரிதாக வராது.

மூடிய முதல் மூன்று வாரம் குழிப்பக்கம் குனிந்து மோந்து பார்க்காதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள். பழுப்பு மஞ்சள் நிறத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு கிளம்பலாம், நுரையீரலை அரிக்கும். கார்பன் டை ஆக்சைடும் பள்ளத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். பாகு மணத்துக்குக் கரடியும் காட்டுப்பன்றியும் வரும். கூடலூர், பந்தலூர் பக்கம் யானைக்கு வெல்லமும் உப்பும் தெரிந்தால் போதும். அந்தப் பகுதிகளில் குழியைவிடக் கதவு போட்ட கட்டடத்துக்குள் டிரம் வைப்பதே பாதுகாப்பு. பாலிதீன் மூட்டையைக் குரங்கும் எலியும் கிழித்துவிடும், ஒரு விரல் ஓட்டை போதும் மூட்டை முழுக்கக் கெட. குழியில் எலி செத்துக் கிடந்தால் அதைச் சுற்றியுள்ள தீவனத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள், போட்டுலிசம் நோயைத் தரும் நச்சு அங்கேதான் உருவாகும்.

கொடுப்பது

முதல் நாள் 2, 3 கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் 15 கிலோவுக்கு ஏற்றுங்கள். பழகாத மாடு முதலில் மோந்துவிட்டுத் தலையைத் திருப்பும். மேலே கொஞ்சம் தவிடு தூவினால் இரண்டு நாளில் பழகிவிடும். கறந்த பிறகே வையுங்கள், கறப்பதற்கு முன் வைத்தால் பாலில் வாடை ஏறும். கொட்டகையில் சிந்தியதையும் உடனே கூட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு வேண்டாம். தாது உப்புக் கலவையை நிறுத்தாதீர்கள்.

திறந்த டிரம்மை மூன்று, நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும். இரண்டு மாட்டுக்கு நாளைக்கு 30 கிலோ என்றால் ஒரு டிரம் அவ்வளவு நாள்தான் வரும். ஒரே மாடு வைத்திருப்பவர்கள் 100 லிட்டர் டிரம்மாகப் போட்டுக்கொள்ளுங்கள். குழியில் குடையாமல் வாய்ப்பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாகச் செங்குத்தாக, தினம் அரை அடிக்குக் குறையாமல் வெட்டி எடுத்து, தாளை இழுத்து மூடுங்கள். எடுத்த தாளை எரிக்காமல், மாடும் காட்டுமாடும் மெல்ல முடியாத இடத்தில் மடித்து வைத்து, மறுபடி பயன்படுத்துங்கள். காலியான டிரம்மைச் சோடா உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். அடுத்த மழைக்காலம் வரை அதற்குள் உரமோ மருந்தோ வைக்க வேண்டாம்.